கைலியை இறக்கிவிட்டவர்

இலுப்பூரில் நான் மாடியில் குடியிருந்தேன். கீழே ஹவுஸ் ஓனர். பெரிய தொப்பை, தோளில் ஈரத்துண்டு, முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய கைலி. தாசில்தாரே வந்தாலும் அதை இறக்கிவிடமாட்டார்.

ஒருநாள் இருட்டத் தொடங்கியதும், விண்வெளி நிலையம் வருவதாக அவருடைய செல்போன் கத்தியது. வாசலுக்கு ஓடிவந்து, அண்ணாந்து பார்த்தபடி கைலியை இறக்கிவிட்டார். தென்னைக்கு மேலே அது பளிச்சென்று நகர்ந்து போனது.

"யாருக்குங்க இவ்வளவு மரியாதை?" என்றேன் மாடியிலிருந்து.

"உள்ள ஆளு இருக்காங்க தம்பி. தலைக்கு மேல போறப்ப தொடையக் காட்டிக்கிட்டா நிக்கிறது?"

சற்று நேரத்தில் இன்னொரு வெளிச்சம் கடந்தது. செல்போனைப் பார்த்தவர், சட்டென்று கைலியை மடித்துக் கட்டினார். "இது வெறும் சாட்டிலைட்டு. ஆளில்லாத வண்டி."

நானும் அவர் தலைக்கு மேல்தான் வருடக்கணக்காகக் குடியிருந்தேன். மாடியில் ஆள் இருப்பதை மட்டும் அந்தச் செல்போன் அவருக்குச் சொல்லவே இல்லை.