என்னைவிடக் கனமானவன்

எங்கள் வீட்டில் ஒரு கூடைப்பந்து வீரர் இருந்தார். பொழுதுபோக்குக்கு ஆடுகிறவர் இல்லை, சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடுகிறவர். அம்மாவின் தம்பி, என் தாய்மாமன். சிங்கப்பூரில், ஆங் மோ கியோவில் எங்கள் வீட்டு அறைகளுக்குள் அவர் தலையைக் குனிந்துதான் நுழைவார். என் வகுப்புப் பிள்ளைகளின் மாமாக்கள் டாக்சி ஓட்டினார்கள், வங்கியில் வேலை பார்த்தார்கள். என் மாமா தொலைக்காட்சியில் வந்தார். பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்சில் உட்கார்ந்தபடிதான் வந்தார் என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

மாமாவுக்கு உயரம் இருந்தது, சதை இல்லை. கூடைக்குக் கீழே நின்று பந்தைப் பிடிப்பதுதான் அவர் வேலை. வெளிநாட்டிலிருந்து வந்து ஆடும் தடியன்கள் தோளால் ஓர் இடி இடித்தால் மாமா கோட்டுக்கு வெளியே போய் நிற்பார். பயிற்சியாளர் கறாராகச் சொல்லிவிட்டார்: உடம்பைத் தேற்றினால் அடுத்த ஆண்டுக்கும் ஒப்பந்தம், இல்லையென்றால் வேறு வேலை பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

அன்றிலிருந்து சாப்பாட்டு மேசையில் ஒரே பேச்சு. கூடைப்பந்து ஆடுகிறவனுக்கு எடை தூக்கும் பயிற்சி வேண்டுமா, வேண்டாமா? துவாஸ் கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளராக இருந்த அப்பா வேண்டாம் என்ற கட்சி.

"வெயிட் தூக்கினா கை மரக்கட்டையாயிடும் மச்சான். அப்புறம் பந்து எங்க கூடைக்குள்ள போகும்? குதிக்கத்தான் முடியுமா?"

"குதிக்கிறதுக்கு முன்னாடியே தள்ளி விட்டுடுறானுங்க அத்தான்."

"அப்ப தள்ளாத இடமா பாத்து நில்லு லா."

அப்பா வாழ்க்கையில் எந்தப் பந்தையும் தொட்டவர் இல்லை. அதனால் அவருடைய கருத்து எதனாலும் கலையவில்லை.

காலையில் குழுவின் ஜிம்மில் தூக்குவது போதாது என்று மாமா ஒரு கம்பியையும் இரும்புத் தட்டுகளையும் வீட்டுக்கே வாங்கிவந்தார். முதல் நாளே அது கை நழுவித் தரையில் விழுந்தது. கீழ்வீட்டுச் சீன ஆன்ட்டி மேலே வந்து, தன் வீட்டு மின்விசிறி எப்படி ஆடியது என்று கையால் ஆட்டிக் காட்டினார். அன்று மாலையே அம்மா இரும்பை வெளியேற்றிவிட்டார். மாமா கூடத்தின் நடுவில் வெறுங்கையோடு நின்று சுற்றுமுற்றும் பார்த்தார். அவர் கண் என்மேல் வந்து நின்றது.

"பாப்பா, இங்க வா. தோள்ல ஏறு."

எனக்கு எட்டு வயது. மாமாவின் கழுத்தில் கால்களைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் தோப்புக்கரணம் போடுவதுபோல் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தார். ஒவ்வொரு முறை அவர் எழும்போதும் அலமாரியின் உச்சியும், அங்கே அம்மா ஒளித்து வைத்திருந்த முறுக்கு டின்னும் எனக்குத் தெரிந்தன. வீட்டில் வேறு யாருக்கும் தெரியாத இடம் அது. மறுநாள் பள்ளியில், மாமாவின் குழுவில் எனக்கும் வேலை கிடைத்துவிட்டது என்று சொன்னேன். அதைப் பொய் என்று நான் நினைக்கவில்லை.

இந்தப் பதவி ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை. சிராங்கூனில் இருந்த பெரியம்மாவுக்கு மாலை நேர வேலை மாற்றம் வந்தது. அவர் மகனைத் தினமும் எங்கள் வீட்டில் விட்டுப் போனார். என்னைவிட இரண்டு வயது சின்னவன். ஆனால் கன்னம், கை, தொடை எல்லாம் மாவு பிசைந்து வைத்தாற்போல் இருக்கும். மாமா விளையாட்டாக அவனைத் தூக்கித் தோளில் வைத்தார், ஒருமுறை உட்கார்ந்து எழுந்தார், முகம் மலர்ந்து போயிற்று.

"அட, இவன்தான்லா சரியான வெயிட்டு!"

அந்த ஒரு வார்த்தையில் என் பதவி போயிற்று. மாமா என்னைக் கைவிடவில்லை, பக்கத்தில் நின்று எண்ணிக்கை சொல்லும் வேலையைத் தந்தார். நான் கீழே நின்று எண்ணினேன். அவன் மேலே உட்கார்ந்து என் முறுக்கு டின்னைப் பார்த்தான். ஒரு நாள் மாமாவின் தலையில் கன்னத்தை வைத்துத் தூங்கியே போனான். தூங்குகிறவனை எழுப்ப வேண்டாம் என்று மாமா அன்று மெல்ல மெல்ல எழுந்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

நான் சாப்பிட ஆரம்பித்தேன். தோசையை இன்னொன்று, இன்னொன்று என்று கேட்டு வாங்கினேன். பயிற்சிக்கு முன் வயிறு முட்டத் தண்ணீர் குடித்தேன். எதுவும் உடம்பில் ஒட்டவில்லை. கடைசியில் பள்ளிப் பையில் அகராதியும் தண்ணீர்ப் புட்டியும் வைத்து, முதுகில் மாட்டிக்கொண்டு போய் மாமாவின் முன்னால் நின்றேன்.

"இப்ப தூக்கிப் பாருங்க மாமா."

மாமா சிரிக்கவில்லை. "பையைக் கழட்டு பாப்பா, முதுகு வலிக்கும்" என்று தானே அதைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். பிறகு அவனைத் தூக்கிக்கொண்டார். மாமா கொஞ்சம் கொடுமைக்காரராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ எளிதாக இருந்திருக்கும்.

மாமாவின் சட்டைகள் தோளில் இறுகின. ஞாயிற்றுக்கிழமை தேக்கா மார்க்கெட்டில் அம்மா ஆட்டுக்கால் வாங்கும்போது, கறிக்கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு மாமாவின் கையை அமுக்கிப் பார்த்தார். அன்று சாயந்திரம் அம்மா உப்பும் காய்ந்த மிளகாயும் எடுத்து மாமாவுக்குத் திருஷ்டி சுற்றினார். கையோடு பெரியம்மா மகனுக்கும் சுற்றினார். மிளகாயை அடுப்பில் போட்டதும் கமறவே இல்லை. எவ்வளவு கண் பட்டிருந்தால் இப்படி நெடியே இல்லாமல் எரியும் என்று அம்மா மலைத்துப் போனார். எனக்கு யாரும் சுற்றவில்லை. கண் படும்படியாக என்னிடம் ஒன்றும் இல்லை என்று முடிவாகியிருந்தது.

அடுத்த ஆட்டத்துக்குக் குடும்பமாகப் போனோம். மாமா பெஞ்சிலிருந்து எழுந்து உள்ளே போனார். அதே வெளிநாட்டுத் தடியன் வந்து இடித்தான். மாமா நகரவில்லை. இடித்தவன்தான் தடுமாறினான். அப்பா நாற்காலிமேல் ஏறிக் கத்தினார். வரும் வழியில் எம்ஆர்டியில், "எல்லாம் உன் அக்கா வச்ச ஆட்டுக்கால் சூப்பு. வெயிட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றார். மாமாவோ, "இல்ல அத்தான், எல்லாம் இவன்தான்" என்று பெரியம்மா மகனை ரயில் பெட்டியில் எல்லாரும் பார்க்கத் தலைக்குமேல் தூக்கினார். நான் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணாடியிலும் அவன்தான் தெரிந்தான்.

அடுத்த மாதம் ஓர் ஆட்டத்தில் மாமா குதித்து இறங்கும்போது முழங்கால் மடங்கிவிட்டது. மாமா எங்கள் வீட்டுக் கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார், முழங்காலில் ஐஸ் பை இருந்தது. எடை தூக்கியதால்தான் என்று அப்பாவும், சரியாகத் தூக்காததால்தான் என்று மாமாவும், கண் பட்டதால்தான் என்று அம்மாவும் சொன்னார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம், இப்போது அவன் மாமாவின் தோளில் இல்லை என்பதுதான். பல வாரங்களுக்குப் பிறகு அப்படி நிம்மதியாகத் தூங்கினேன்.

மாமாவின் இடத்துக்கு ஒரு புதுப் பையனைப் பார்த்து வைத்திருக்கிறார்கள் என்றும், மாத முடிவுக்குள் பழையபடி எடை தூக்கிக் காட்டினால்தான் மாமாவுக்கு ஒப்பந்தம் என்றும் அம்மா தொலைபேசியில் பெரியம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அதை நானும் கேட்டேன். எனக்கு அது பெரியவர்களின் பேச்சு.

அந்த மாதக் கடைசியில் ஒரு சாயந்திரம் மாமா எங்கள் இரண்டு பேரையும் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்துக்கு அழைத்துப் போனார். பெரியம்மா மகன் வழக்கம்போல் கையை விரித்துக்கொண்டு முன்னால் ஓடினான். மாமா அவனை ஒதுக்கி நிறுத்தினார்.

"இன்னைக்கு நீ வேணாம்டா. பாப்பா, நீ வா."

நான் ஏறினேன். மாமா ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்படியே கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு எழுந்தார், மிக மெதுவாக. அவர் கழுத்து நனைந்திருந்தது. இரண்டாவது முறை உட்கார்ந்தவர் பாதிதான் எழுந்தார். அங்கேயே நின்று, என்னைப் பத்திரமாக இறக்கிவிட்டார்.

"அவ்வளவுதானா மாமா? அவனைத் தூக்கலையா?"

"இல்ல பாப்பா. நீயே போதும்."

அவன் உதட்டைப் பிதுக்கி அழுதான். நான் அதை ஆசை தீரப் பார்த்தேன். மேலே போனதும் யாரும் கேட்காமலே சாப்பாட்டு மேசையில் அறிவித்தேன்.

"மாமா இன்னைக்கு என்னைத்தான் தூக்கினாங்க. ரெண்டாவது தடவை முழுசாக்கூட எழுந்திரிக்க முடியல. இனிமே நானே போதுமாம், அவன் வேணாமாம்."

அம்மா பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியைக் குழம்பிலேயே விட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டார். எடையைப் பற்றிப் பேச்சு வந்தால் வாயை மூடாத அப்பா, தன் தட்டிலிருந்த மீன் துண்டை எடுத்து மாமாவின் தட்டில் வைத்தார். மாமா அதைச் சாப்பிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருவர்கூட என்னைப் பாராட்டவில்லை. எல்லாருக்கும் என்மேல் பொறாமை என்று நினைத்துக்கொண்டு, நான் இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டேன்.