செல்வமேரி தட்டும் தூண்

காலை எட்டரைக்குத் தென்னந்துடைப்பத்தின் அடியை இரும்புத் தூணில் ஓங்கி ஒரு தட்டு. 'டங்' என்று ஒலித்தால், பல்லாவரம் கண்டோன்மென்ட் ஓரத்துப் பழைய வங்கியில் பெருக்கித் துடைக்கும் செல்வமேரி வந்துவிட்டார் என்று அர்த்தம். குச்சிகளைச் சமமாக்க ஊரில் எல்லாரும் தரையில்தான் தட்டுவார்கள். கேட்டால், "தரை நான் தொடச்சது சார். அதுலயே தட்டுவனா?" என்பார்.

விக்டோரியா ராணி காலத்துக் கட்டடம். செங்கல் முகப்பு, வில்வளைவு ஜன்னல்கள், நெற்றியில் 1889 என்று சுண்ணாம்பு எழுத்து, அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் கூரை. முன்தாழ்வாரத்தில் நான்கு இரும்புத் தூண்கள், ஒவ்வொன்றின் தலையிலும் இலைக்கொத்து. பார்க்கிறவர்கள் ஆகா என்பார்கள். செல்வமேரிக்கு அந்த மயக்கமெல்லாம் கிடையாது. "வெள்ளக்காரன் கட்டிட்டுப் பூட்டான். ஒட்டட அடிக்கிறது யாரு?"

உள்ளே தரை கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் கட்டமாக இருக்கும். வெள்ளைக் கட்டங்களை முதலில் துடைப்பார், கறுப்பு அப்புறம். ஏன் என்று, அங்கே கணக்கு வைத்திருந்த நானும் பலமுறை கேட்டுவிட்டேன். "அது அப்டித்தான்."

1985-இல் அவருக்கு அது ஒன்பதாவது வருஷம், எல்லாம் தினக்கூலி. நிரந்தரமாக்கும் உத்தரவு இதோ வருகிறது, அதோ வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தப் புரட்டாசியில் ஒரு பெருச்சாளி உள்ளே புகுந்து மேலாளர் ஏகநாதனின் சாப்பாட்டுப் பையைக் குதறியது. ஏச்சு வாங்கியவர் செல்வமேரி. மறுநாள் தூண்களை மறைத்து நின்ற குரோட்டன்ஸ் தொட்டிகளை நகர்த்திப் பார்த்தார். தூண்களின் காலடியில், தாழ்வாரத்தை ஒட்டிய வாய்க்கால் பக்கமாக, ஒவ்வொன்றிலும் உள்ளங்கை அகலத்தில் ஓர் ஓட்டை. பெருச்சாளிக்கு இதுதான் வாசல் என்று முடிவு கட்டி, பக்கத்தில் வீடு கட்டுகிறவர்களிடம் சிமென்ட் கேட்டு வாங்கி, சாக்குத் துணியைத் திணித்துப் பூசினார். மூன்று தூண்களோடு சிமென்ட் தீர்ந்துபோனது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. வங்கிக்குள் கூரை ஒழுகியது, சுவர் ஊறியது, நாங்கள் வரிசையில் குடையோடு நின்றோம். தலைமை அலுவலகத்திலிருந்து வந்த இன்ஜினியர் அண்ணாந்து பார்த்து, "ஆயுசு முடிஞ்சுபோச்சு, இடிச்சிட வேண்டியதுதான்" என்றார். வங்கி ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு புது மாடிக்குப் போகுமாம். அங்கே பெருக்குவதற்கு வீட்டுக்காரரே ஆள் வைத்துக்கொள்வாராம். செல்வமேரியைப் பற்றி யாரும் பேசவில்லை.

மறுநாள் காலை அவர் வழக்கம்போல் தூணைத் தட்டியிருக்கிறார். 'தொப்' என்றது. அடுத்ததும் 'தொப்'. மூன்றாவதும் அப்படியே. சிமென்ட் பூசாத நாலாவது தூண் மட்டும் 'டங்'. அதற்கு நேர் மேலே கூரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. மொட்டைமாடித் தண்ணீர் தூணுக்குள்ளேதான் இறங்குகிறது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மழைக்காலத்தில் வாய்க்காலில் தண்ணீர் ஓடத்தானே செய்யும், எங்கிருந்து வருகிறது என்று யார் பார்த்தார்கள்?

சொன்னால் அன்றோடு வேலை போகும். சொல்லாவிட்டால் வங்கியோடு சேர்ந்து போகும். துடைப்பத்தைத் தூணில் சாத்தி வைத்தார். பிறகு நேரே மேலாளரிடம் போனார். அறிக்கை எழுத வந்த இன்ஜினியரும் அங்கே இருந்தார்.

"அந்த ஓட்டைங்கள அடச்சது நான்தான் சார். பெருச்சாளி பேஜார் தாங்கல. தூணுல தண்ணி ரொம்பிக்கினு கீது. நான் பண்ண தப்புக்குக் கட்டடத்து மேல பழி போடறீங்களே, அது இன்னா சார் பண்ணுச்சி?"

இன்ஜினியர் சிரித்தார். ஏகநாதன் சிரிக்கவில்லை. "கடப்பாரை இருக்கா?" என்றார்.

இருந்தது. நாங்கள் வரிசையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுத் தாழ்வாரத்துக்கு ஓடினோம். செல்வமேரியே குத்தினார். நாலாவது குத்தில் சிமென்ட் பெயர்ந்தது. பழுப்புத் தண்ணீர், அரசிலை, காக்காய்க் கூட்டுக் குச்சி எல்லாம் பீறிட்டு வந்து இன்ஜினியரின் பூட்ஸுக்குள் புகுந்தன. மூன்று தூண்களையும் திறந்த அரைமணி நேரத்தில் உள்ளே சொட்டுவது குறைந்தது, மாலைக்குள் நின்றேவிட்டது. இன்ஜினியர் தன் நோட்டிலிருந்து, இடிக்கச் சொல்லி எழுதியிருந்த தாளைக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். செல்வமேரி படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார், அழுதுகொண்டே சிரித்தார்.

"இனிமே எந்த ஓட்டையை அடைக்கிறதா இருந்தாலும் என்னைக் கேட்டுட்டுச் செய்ம்மா" என்றார் ஏகநாதன். தண்டனை அவ்வளவுதான். ஓட்டைகளுக்குக் கம்பிவலை வந்தது. கட்டடத்தை இடிக்க வேண்டாம் என்று தலைமை அலுவலகத்துக்கு ஒரு கடிதமும் போனது, அதில் செல்வமேரியின் பெயர் இருந்தது.

நிரந்தர உத்தரவு வர இன்னும் இரண்டு வருஷம் ஆயிற்று. அன்றும் நல்ல மழை. ஏகநாதன் கவரை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்கே வந்து நீட்டினார். "தோ வந்துட்டேன், கொஞ்சம் இரு சார்" என்று செல்வமேரி குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு தூணின் காலடியிலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். நான்கிலும் தண்ணீர் வந்து கையில் மோதியது. எழுந்து கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அப்புறம்தான் கவருக்காக இரண்டு கைகளையும் நீட்டினார்.