தோலில் தைத்த ஆழ்கடல்

நான் நாலாம் வகுப்பு படித்த வருடம் எங்கள் வீட்டில் அப்பாவும் அத்தையும் பேசிக்கொள்வதில்லை. அதனால் வீடு அமைதியாக இருந்தது என்று நினைத்துவிட வேண்டாம். எல்லாப் பேச்சும் என் வழியாக நடந்தது.

"உங்க அத்தைய சாப்பிடச் சொல்லு," என்பார் அப்பா. அத்தை சமையலறை வாசலில்தான் நின்றுகொண்டிருப்பாள். நான் கூடத்தைக் கடந்து போய், "அத்தை, அப்பா உங்கள சாப்பிடச் சொன்னாரு," என்பேன். "அப்புறமா சாப்பிடறேன்னு சொல்லு," என்பாள் அத்தை. திரும்பி வந்து அதையும் ஒப்பிப்பேன். இரண்டு பெரியவர்களின் காதும் நன்றாகத்தான் கேட்கிறது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் இவ்வளவு முக்கியமான வேலை என்னை நம்பி ஒப்படைக்கப்பட்டிருப்பதில் எனக்குப் பெருமை.

அத்தை அப்பாவுக்குக் கடைசித் தங்கை. தாத்தாவும் ஆயாவும் சீக்கிரமே போய்விட்டதால் அப்பாதான் அவளை வளர்த்துப் படிக்க வைத்தார். அப்பாவுக்கு ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் வேலை. தோல்களைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்துப் பெரிய மர உருளைகளில் சுழலவிடும் பகுதி. எவ்வளவு சோப்புப் போட்டுக் குளித்தாலும் போகாத வாசனையோடு வீட்டுக்கு வருவார். தங்கையாவது டீச்சராகி வெள்ளைப் புடவை கசங்காமல் வேலைக்குப் போகட்டும் என்று அவருக்கு ஆசை. அத்தை வேலூரில் விலங்கியல் படித்தாள், சென்னைக்குப் போய் மேலே படித்தாள், பிறகு ஆழ்கடலை ஆராயும் கப்பலில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். துறைமுகத்திலிருந்து போன் செய்து, "அண்ணா, ஆழ்கடல் வேலை. மூவாயிரம் மீட்டர் ஆழத்துல," என்று சொன்னாளாம். "ஆழத்துலயா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அப்பா போனை வைத்துவிட்டார். அன்றிலிருந்து அவளிடம் நேராக ஒரு வார்த்தை கிடையாது.

காரணம் என்னவென்று சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. "ஆம்பளைங்களோட கப்பல்ல போற பொண்ண எவன் கட்டுவான்? அண்ணங்காரனுக்குக் கோவம் வராம இன்னா பண்ணும்?" என்றாள் திருப்பத்தூர் பெரியம்மா. அப்பா மறுக்கவில்லை. அத்தையும் அப்படித்தான் நம்பினாள். நானும் நம்பினேன்.

என் கவலை வேறு. எங்கள் ஊர்க்காரர்களுக்கும் கடலுக்கும் சம்பந்தமே கிடையாது. ஊருக்கு ஓர் ஆறு உண்டு, அதில் நாங்கள் கிரிக்கெட் ஆடினோம். அப்படிப்பட்ட ஊரில், கடலின் அடியில் நடமாடும் ஓர் அத்தை என் ஒருத்திக்குத்தான் இருந்தாள். கண்ணாடியில் செய்த டிரெஸ் போட்டுக்கொண்டு கயிற்றில் இறங்கி, மீன்களை டார்ச் அடித்துப் பார்ப்பாள் என்று வகுப்பில் சொல்லியிருந்தேன். இப்படி யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஆழ்கடலில் வேலை என்றால் வேறு எப்படி இருக்க முடியும்?

அந்த வருடம் விடுமுறையில் வந்தபோது அத்தை தன் போனில் படங்கள் காட்டினாள். அம்மா ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, "எல்லாம் கறுப்பாவே இருக்குதே, போன் கெட்டுப்போச்சா?" என்றாள்.

"அங்க அப்படித்தான் அண்ணி. வெயிலே போவாது. நடுவுல சின்னதா ஒரு வெளிச்சம் தெரியுது பாருங்க, அது மீனு."

"இதுவா? நான் தூசின்னு நெனச்சேன்."

அத்தை போனை வாங்கிக்கொண்டாள். பிறகு என் பையிலிருந்து சாக்பீஸை எடுத்துக் கூடத்துத் தரையில் அந்த மீனை வரைய ஆரம்பித்தாள். நெற்றியிலிருந்து ஒரு தூண்டில். தூண்டில் நுனியில் விளக்கு. வாய் முழுக்க ஊசிப் பற்கள். அதற்குப் பக்கத்தில் யானைக் காது மாதிரி இரண்டு மடல் வைத்த ஒரு சின்ன ஆக்டோபஸ். சாயங்காலம் அப்பா வேலையிலிருந்து வந்தபோது தரையில் கால் வைக்க இடமில்லை. அவர் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, ஒரு கோடுகூட அழியாமல் சுவரோரமாக நடந்து உள்ளே போனார்.

அம்மா ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் பிரிவில் இருந்தாள். அவள் அந்தப் படங்களை வேறு கண்ணால் பார்த்தாள். "இந்தக் காது வச்சவன மெத்துன்னு இருக்கற ஸ்வேட் தோல்ல தெச்சா சூப்பரா வருவான். பல்லு மீனுக்குப் பளபளன்னு இருக்கற கறுப்புத் தோல் வேணும்," என்றாள். தலையை நிமிர்த்திய அத்தையின் முகம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. சர்ச்சில் விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை வரவிருந்தது. வழக்கமாகப் பலகாரக் கடை, வளையம் எறியும் கடை, காய்கறியும் கோழியும் ஏலம் விடும் பந்தல் எல்லாம் இருக்கும். அத்தை சர்ச் போதகரான ஐயரிடம் போய் சர்ச் பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறை கேட்டு வாங்கிவந்தாள். அந்த அறையில் ஆழ்கடலைச் செய்து காட்டப் போகிறாளாம்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் ஒழுங்காகச் சமைக்கவில்லை. அம்மா கழிவுத் தோல் விற்கும் குடோனிலிருந்து ஒரு மூட்டை துண்டுகள் கொண்டுவந்தாள். ஷூ வெட்டியது போக மிஞ்சிய சிவப்பு, பழுப்பு, கறுப்பு, எல்லாம் பிறை வடிவத்திலும் வால் வடிவத்திலும் இருக்கும். தெருப் பெண்கள் கம்பெனி விட்டதும் நேரே எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்கள். அத்தை வரைந்து தருவாள், அவர்கள் வெட்டித் தைப்பார்கள். மெல்லிய லைனிங் தோலில் ஜெல்லிமீன்கள். பைக்குக்கு ஒட்டும் ரேடியம் ஸ்டிக்கரில் கண்கள். தலையணையைப் பிரித்தெடுத்த பஞ்சை நூலில் கோத்துக் கூரையிலிருந்து தொங்கவிட அத்தை ஏற்பாடு செய்தாள். "மேல செத்துப்போனதெல்லாம் தூளாயிக் கீழ விழுந்துகிட்டே இருக்கும். மழை மாதிரி. கீழ இருக்கறதுங்களுக்கு அதான் சாப்பாடு," என்றாள். சுற்றியிருந்த பெண்கள் ஒரு கணம் ஊசியை நிறுத்திவிட்டுப் பஞ்சைப் பார்த்தார்கள்.

கடலின் மேல்பகுதிக்கு வெளிர்நீலப் புடவைகள், உள்ளே போகப்போக அடர்நீலப் புடவைகள் என்று கட்டிவிட்டோம். கடைசி இருட்டுக்குத்தான் துணி இல்லை. கறுப்புப் புடவை யாரிடமும் அவ்வளவு கிடையாது. பக்கத்து வீட்டில் புர்கா தைக்கும் காலாம்மா ஒரு முழு பீஸ் கறுப்புத் துணியைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டார். "கிழிக்காம குடு, போதும்," என்றார்.

அறையின் கோடியில்தான் அத்தையின் முக்கியமான வேலை. பெஞ்சுகளை அடுக்கிக் கூரைக்குக் கிட்டே மறைவாக ஒரு மேடை. உத்தரத்தில் கிணற்றுக் கப்பி. அதில் கயிறு கட்டி, டார்ச் பொருத்திய ஒரு ஷூ பெட்டி. மேலே உட்கார்ந்து அத்தை பெட்டியை மெதுவாக இறக்குவாள். வெளிச்சம் படப்பட இருட்டுக்குள்ளிருந்து ஒவ்வொரு பிராணியாகத் தெரியும். கீழே நின்று விளக்கம் சொல்லும் பொறுப்பு எனக்கு. தூது போகும் வேலையைவிட இது பெரிய பதவி.

பண்டிகையன்று ஆராதனை முடிந்ததும் கூட்டம் எங்கள் அறைக்குத்தான் வந்தது. சின்னப் பிள்ளைகள் பல்லு மீனைக் கண்டு அலறின. அலறிவிட்டு மறுபடி வரிசையில் போய் நின்றன. "இத சாப்பிடலாமா?" என்பதுதான் பெரியவர்கள் அதிகம் கேட்டது. டேனரியில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒருவர் ஜெல்லிமீனை விரலால் தடவி, "நெஜ மீனுக்கும் தோலு இப்படித்தான் மெல்லிசா இருக்குமா?" என்று கேட்டார். மேலேயிருந்து அத்தை, "அதுக்குத் தோலே இல்ல பெரியப்பா, மொத்தமும் தண்ணிதான்," என்றாள். காலாம்மா பஞ்சு மழைக்குக் கீழே அண்ணாந்து நின்றார். "இவ்ளோ இருட்டுல வச்சும் ஆண்டவன் இதுங்களுக்கு ஒரு விளக்கு குடுத்திருக்கான் பாரேன்," என்றார்.

அப்பா மட்டும் வரவில்லை. ஏலப் பந்தலிலேயே நின்றுகொண்டிருந்தார். கடைசியில் ஐயரே அவரைப் பிடித்துக்கொண்டார். "உங்க தங்கச்சி பண்ணியிருக்கறதப் பாத்தீங்களா? இன்னும் பாக்கலியா?" என்று நாலு பேர் முன்னால் கேட்க, அப்பா வேறு வழியில்லாமல் வந்தார்.

வெளிர்நீலத்தில் நன்றாகத்தான் நடந்தார். அடர்நீலத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டார். கறுப்புத் துணியை விலக்கி உள்ளே போனதும், "கதவு எந்தப் பக்கம்?" என்று கேட்டார். "பின்னாடிதாம்பா," என்றேன். அவர் உள்ளங்கை நனைந்திருந்தது. அப்பாவுக்குப் பல்லு மீனிடம் பயம் என்று நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது.

கப்பி கிறீச்சிட்டது. பெட்டி இறங்கியது. நான் மனப்பாடம் செய்ததையெல்லாம் சொன்னேன். ஜெல்லிமீன் போயிற்று, தூண்டில் மீன் போயிற்று, காது வைத்த ஆக்டோபஸ் போயிற்று. வெளிச்சம் தரையில் பரப்பியிருந்த ஆற்று மணலைத் தொட்டது.

"இப்ப நாம கடலோட அடிக்கு வந்துட்டோம். இங்க காத்து கெடையாது. வெளிச்சம் கெடையாது," என்றேன். மற்றவர்களுக்கு இதோடு முடித்துவிடுவேன். அப்பாவுக்காகக் கொஞ்சம் சேர்த்தேன். "எங்க அத்தை கண்ணாடி டிரெஸ் போட்டுக்கிட்டு, கயித்துல எறங்கி, இங்கதான் நடப்பாங்க."

என் கை நொறுங்கிவிடும்போல் இருந்தது.

"யாரு எறங்கறது?" என்றார் அப்பா. என்னிடம் கேட்பதாக நினைத்து வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அண்ணாந்து, இருட்டைப் பார்த்து, இன்னும் சத்தமாகக் கேட்டார். "பாப்பா! யாரு எறங்கறது?"

கப்பி நின்றது. பேசிக்கொண்டிருந்த காலத்தில் அவர் அத்தையைப் பெயர் சொல்லாமல் அப்படித்தான் கூப்பிடுவாராம்.

"யாரும் எறங்கறதில்லண்ணா," என்றாள் அத்தை.

"பொய் சொல்லாத."

"நெஜமாண்ணா. பொட்டி மட்டுந்தான் எறங்கும். கேமரா, லைட்டு எல்லாம் அதுலயே இருக்கும். நாங்க மேல கப்பல்ல ஒக்காந்து ஸ்க்ரீன்ல பாப்போம். இப்ப நான் மேல ஒக்காந்திருக்கேன்ல, அதே மாதிரி."

"பொட்டி அடியில மாட்டிக்கிச்சின்னா?"

"இழுத்துப் பாப்போம்."

"வரலன்னா?"

"கயித்த வெட்டிட்டு வந்துடுவோம்."

"அத எடுக்கறதுக்கு ஒரு ஆள எறக்க மாட்டீங்களே?"

மேலே பெஞ்சு கிறீச்சிட, அத்தை விளிம்புக்கு நகர்ந்து குனிந்து அப்பாவைப் பார்த்தாள். பிறகு அத்தை பேசியபோது அவள் குரல் மாறியிருந்தது.

"மாட்டோம்ணா. யாரும் எறங்க மாட்டோம். எப்பவும்."

அப்பா என் கையை விட்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஏத்து பாக்கலாம்," என்றார். பெட்டி மேலே போயிற்று. "எறக்கு." இறங்கியது. "ஏத்து." வெளியே வரிசையில் நின்றவர்கள், "இன்னாபா, உள்ள போனவங்க தூங்கிட்டாங்களா?" என்று சத்தம் போட்டார்கள். அப்பா காதில் வாங்கவில்லை. பெட்டி மேலே போவதையும் கீழே வருவதையும் பார்த்துக்கொண்டே நின்றார்.

அன்று அவர் ஏலத்தில் ஒரு சேவலையும், எங்கள் நால்வராலும் தின்று தீர்க்க முடியாத ஒரு பூசணிக்காயையும் எடுத்துக்கொண்டு வந்தார். அம்மா திட்டத் திட்டச் சிரித்தார். இரவுச் சாப்பாட்டில், "பாப்பா, இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ," என்று நேராகச் சொன்னார். என் தூதர் பதவி அத்தோடு போயிற்று. ஆனால் நான் அழுததற்குக் காரணம் அதுவல்ல.

"அப்போ நீங்க எறங்கறதே இல்லியா?" என்று அத்தையிடம் கேட்டேன்.

"இல்லடி."

"டிவி பாக்கறதுக்கா கப்பல்ல போறீங்க?"

அப்பா புரையேறச் சிரித்தார். "ஆமாண்டி! டிவி பாக்கத்தான் போறா எந்தங்கச்சி," என்றார். மறுநாளிலிருந்து தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் அதையே சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொல்லச் சொல்ல, வகுப்பில் என் மானம் போய்க்கொண்டிருந்தது. இவ்வளவு பெரிய ஏமாற்றத்தை ஒரு மனிதர் எப்படி இப்படிக் கொண்டாடுகிறார் என்று எனக்கு விளங்கவே இல்லை.

நான் பிளஸ் டூ படிக்கும்போதுதான் அம்மா சொன்னாள். அப்பாவுக்கும் அத்தைக்கும் நடுவே ஒரு தம்பி இருந்திருக்கிறார். அப்பாவோடு அதே டேனரியில் வேலை. கழிவுத் தொட்டிக்குள் இறங்கிய ஒருவர் மேலே வரவில்லை; அவரைத் தூக்க இறங்கிய சித்தப்பாவும் வரவில்லை. உள்ளே விஷவாயு. தானும் இறங்கப் போன அப்பாவை நாலைந்து பேர் இழுத்துப் பிடித்துக்கொண்டார்களாம். நான் பிறப்பதற்கு முன்பு நடந்தது. வீட்டில் யாரும் அதைப் பேசுவதில்லை. அப்பாவின் கோபத்தையும் அதையும் அத்தைகூட அன்று அந்த இருட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் சேர்த்துப் பார்த்தாள் என்றாள் அம்மா.

பண்டிகை முடிந்து, நான் நாலாம் வகுப்பில் இருந்த அந்த ஜனவரியில் அத்தை மறுபடி கப்பலுக்குக் கிளம்பினாள். முதல் முறையாக அப்பா ஸ்டேஷனுக்கு வந்தார். அவள் பெட்டியை அவரே தூக்கிக்கொண்டார். சென்னை ரயில் நிரம்பி வழிந்துகொண்டு வந்தது. பொதுப் பெட்டியில் ஆட்கள் சாமான் வைக்கும் பலகைமேல்கூட ஏறி உட்கார்ந்திருந்தார்கள். அத்தை எப்படியோ உள்ளே நுழைந்து ஜன்னலுக்கு வந்து கை நீட்டினாள். ரயில் நகர ஆரம்பித்தது. அப்பா அந்தக் கையைப் பிடித்தபடி கூடவே நடந்தார்.

"மேலயே இரு பாப்பா," என்றார். "இன்னா ஆனாலும் மேலயே இரு."

அத்தை தலையை ஆட்டினாள். அவள் கண்களில் நீர் இருந்தது. நான் ரயில் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். மேலே சாமான் பலகையில் ஏற்கனவே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். சுடிதாரோடு அத்தை எப்படி அங்கே ஏறப் போகிறாள் என்று எனக்குக் கவலையாக இருந்தது.