தூதருக்கு வெற்றிலை கொடுத்த அப்பா

நான் போர்களையும் தூதுகளையும் ஆராய்கிறவள் என்றால், எந்த ராஜா யாரைத் தோற்கடித்தார் என்று ஒப்பிப்பேன் என எதிர்பார்க்கிறார்கள். அந்தக் காலம் மலையேறிவிட்டது. ஒப்பந்தத்தில் என்ன எழுதினார்கள் என்பதோடு நிற்காமல், தூதரை எங்கே உட்காரவைத்தார்கள், கையில் என்ன கொடுத்தார்கள் என்றெல்லாம் இப்போது எங்கள் துறையில் துருவுகிறோம். என் பங்குக்கு, அரசவையில் தூதருக்கு வெற்றிலை கொடுத்ததைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன்.

அது அச்சில் வந்ததும் விளாங்குடியில் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. வாக்கிங் நண்பர்களிடமெல்லாம் காட்டினார். படித்தது என்னவோ முதல் பாதிதான்: அரசர் தன் கையால் வெற்றிலை கொடுப்பது பெரிய மரியாதை. கொடுத்துவிட்டால் பேச்சு முடிந்தது, தூதர் கிளம்பவேண்டும் என்பது பின்பாதியில் இருந்தது.

அந்த வாரம் மேலூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை என்னோடு வேலை பார்ப்பவர். எங்களுக்குள் எப்போதோ முடிவாகிவிட்டது. அவருடைய அப்பாதான் பிடிகொடுக்கவில்லை. அவர் சரி என்றால்தான் கல்யாணம்.

வந்து உட்கார்ந்தார்கள். காபிகூடக் கலக்கவில்லை. அப்பா எழுந்து, வெற்றிலைத் தட்டை எடுத்து மாப்பிள்ளையின் அப்பாவிடம் இரண்டு கையாலும் நீட்டினார். வந்தவர்களை வழியனுப்பும்போதுதான் வெற்றிலை என்பது அப்பாவுக்குத் தெரியாததல்ல. ஆனால் அது எப்போதும் அம்மாவின் இலாகா. தவிர, கட்டுரை அவர் கண்ணை மறைத்திருந்தது.

வந்தவர் தட்டை வாங்கினார். எழுந்தார். "அப்ப நாங்க வாரோம்" என்றார்.

அப்பாவோ பெருமையாகச் சிரித்துக்கொண்டு நின்றார். அவர்மேல் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது.

மாப்பிள்ளையின் அம்மா, தாங்கள் கொண்டுவந்த பூ, பழம், வெற்றிலைத் தட்டோடு எழுந்துகொண்டிருந்தார். பெண் வாய் திறக்கக்கூடாத இடம் என்று தெரிந்தும் திறந்தேன்.

"அத்தை, உங்க தட்ட எங்கப்பாட்ட குடுத்துருங்க. தட்டு மாத்திட்டா நிச்சயம் முடிஞ்ச மாதிரிதான?"

மாப்பிள்ளையின் அப்பா தன் கையிலிருந்த தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"ஆத்தாடி, எம்புட்டு வாயி!" என்றவர் மனைவியிடம் திரும்பினார். "குடு, குடு. வாங்கிட்டுச் சும்மாவா போறது?"

உட்கார்ந்து காபி கேட்டார். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

"நான் மொறப்படி வெத்தல குடுத்தேன், காரியம் முடிஞ்சுச்சு" என்று அப்பா இன்றும் எல்லோரிடமும் சொல்கிறார். கட்டுரையின் பின்பாதியை அவர் இன்னும் படிக்கவில்லை. நானும் படிக்கச் சொல்லவில்லை.