ஹேமநாதன் கிழித்துப்போட்ட பக்கம்

தொண்டையில் அறுவை சிகிச்சை முடிந்த பிறகு ஹேமநாதனுக்குக் குரல் வெறும் காற்றாகத்தான் வந்தது. வார நாட்களில் தொழிற்சாலை பஸ் ஓட்டி, சனி ஞாயிறுகளில் கல்யாண விருந்துகளில் மைக் பிடித்து, முப்பது வருடம் ஜனங்களைச் சிரிக்க வைத்தவர். ஐம்பத்தெட்டு வயதில் இரண்டும் நின்றுபோயின.

மலேசியாவில், சிரம்பானை ஒட்டிய பாரோயில் தன் வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர் முன்னால் அவர் மனைவி மோகனா ஒரு கட்டு வரைதாளைக் கொண்டுவந்து போட்டாள்.

"பேச முடியலன்னா வரைங்க லா. பஸ்ஸுல சும்மா இருக்கறப்ப கிறுக்குவீங்கல்ல."

தன் கதையையே கேலிச்சித்திரங்களாக வரைய ஆரம்பித்தார். தான் வளர்ந்த புக்கிட் பெலண்டோக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கங்காணி மண்டோர் மாதிரி பேசிக் காட்டி அறை வாங்கியது. கோலா கிளாவாங் கல்யாணத்தில் சம்பந்திகள் அடித்துக்கொள்ள, இவர் காலி நாற்காலிகளைப் பார்த்து ஜோக் சொன்னது. நாற்பது பக்கம் தடையில்லாமல் வந்தது.

பிறகு மங்கம்மாவிடம் வந்து நின்றுவிட்டார். மங்கம்மா அதே தோட்டத்தில் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்தவர், கால் நொண்டி. கைலி கட்டி, வாளி தூக்கி, அவரைப்போல இழுத்து நடப்பதுதான் ஹேமநாதனுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. வாயைத் திறக்கும் முன்பே மண்டபம் அதிரும். மேடையில் நடை மட்டும் போதும். தாளில் முகமும் வேண்டியிருந்தது. வரைந்தார், கிழித்தார். மூன்று வாரம் இப்படியே போனது.

"மங்கம்மாக்கா லுக்குட்ல மக வீட்லதான் இருக்காங்க. போய்க் கேட்டுட்டு வாங்க" என்றாள் மோகனா.

மங்கம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். எழுபத்துநாலு வயது. ஹேமநாதனின் பேச்சு காதில் விழ, அவர் இவர் பக்கத்தில் நகர்ந்து உட்கார வேண்டியிருந்தது.

"நீ என்ன மாதிரி நடந்து காட்டுனத நானும் பாத்துருக்கேன் தம்பி. எங்க சொந்தக்காரங்க கல்யாணத்துல."

"கோவம் வரலையாக்கா?"

"எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். சிரிக்காம இருந்தா என்னையில்ல திரும்பிப் பாப்பாங்க?" ஒரு சட்டையை மடித்து வைத்தார். "ஆனா நீ எடது கால இழுத்த. எனக்கு வலது."

ஹேமநாதன் தலை குனிந்தார். முப்பது வருடம் ஆடியவர் அதைக்கூடப் பார்த்திருக்கவில்லை. பிறவி ஊனம் என்றுதான் நினைத்திருந்தார். ஆட்களை ஏற்றிப்போன லோரி கவிழ்ந்து உடைந்த கால் அது. எலும்பு சரியாகச் சேரும் முன்பே மறுபடி வேலைக்கு இறங்கினதாக மங்கம்மா சொன்னார்.

"வரையட்டுமா, வேணாமாக்கா?"

"வரை. வாளியில பால் நெறைய இருக்கணும். நீ வெறும் வாளியத்தானே தூக்கிட்டு ஆடுன."

வீடு திரும்பி இரண்டு நாளில் வரைந்து முடித்தார். அந்தப் பக்கத்தில் பேச்சு எதுவும் எழுதவில்லை.

சிரம்பானில் ஒரு சிறிய மண்டபத்தில் புத்தகம் வெளியானது. வந்தவர்கள் சம்பந்திச் சண்டைப் பக்கத்தைத்தான் புரட்டிப் புரட்டிச் சிரித்தார்கள். மறுநாள் ஹேமநாதன் லுக்குட்டுக்கு ஒரு பிரதி கொண்டுபோனார். மங்கம்மா தன் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார்.

"மூட்டு இன்னும் கொஞ்சம் மடங்கும்" என்றார். புத்தகத்தை மூடி டிவி பக்கத்தில் வைத்துவிட்டு, தேநீர் போட எழுந்து போனார். ஹேமநாதன் அவர் வலது மூட்டு மடங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.