பெருமாள் காட்டாத கடைசிக் கதவு

மலருக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்து வளவு யோகம் வந்து குசினி வாசலில் நின்றாள். "பெருமாளண்ணை மோசம் போயிட்டாராம். ஆஸ்பத்திரிக்குப் போற வழியில, உழவு மெசினிலேயே" என்றாள். "ஓம்" என்று சொன்னேன். கஞ்சியை ஆற்றிக்கொண்டே இருந்தேன். அது எப்போதோ ஆறிப்போயிருந்தது.

முப்பத்தோராம் நாள் நினைவில் வாசிக்க ஏதாவது எழுதித் தரும்படி வாசிகசாலைக்காரர் கேட்டார்கள். ஜெயபுரத்தில் பெருமாளைத் தெரியாதவர் இல்லை. ஆனாலும் உங்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அதை எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்து இந்த ஊருக்கு வந்து, தாய் தகப்பன் இல்லாத என் பேத்தி மலரோடு மழைக்குள் நின்றேன். எங்களைக் கண்டு வேலிப் படலைகளைச் சாத்தினவர்கள் பெயரெல்லாம் என்னிடம் இருக்கிறது. இது அதற்கு இடமில்லை. மாட்டை வெளியே கட்டிவிட்டுக் கொட்டிலைத் தந்தவர் பெருமாள். மலைநாட்டுத் தோட்டத்தில் பிறந்து, கலவரத்தில் அடிபட்டு வந்து, இங்கே காடு வெட்டிக் குடியேறியவர். நன்றிக்கு ஒரு தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "சுடுதண்ணிக்கு நிறம் நல்லா இருக்குதுங்கம்மா" என்றார். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அவருடைய மகன் ரவி, வவுனியாவில் கடையொன்றில் வேலை செய்த காலத்தில் வாங்கி வந்த டிவி கேம் பெட்டி அவரிடம் இருந்தது. கரண்ட் இல்லாத ஊரில், உழவு மெசின் பெட்டரியில் சின்னக் கறுப்பு வெள்ளை டிவி ஓடும். ஞாயிறு பின்னேரங்களில் பிள்ளைகள் எல்லாம் அவர் முற்றத்தில்தான். விளையாட்டு இதுதான்: மலைக்குள் நான்கு பேர் அகப்பட்டிருப்பார்கள். வெள்ளம் ஏறும். கதவு கதவாகத் திறந்து வெளியே வர வேண்டும். கடைசிக் கதவு வரைக்கும் போகக்கூடியவள் மலர் ஒருத்திதான். ஆனால் அங்கே போனதும் படம் அணைந்துவிடும். "பெட்டரி முடிஞ்சிருச்சு புள்ளைகளா" என்பார் பெருமாள். மலர் அழுதுகொண்டு வருவாள்.

எல்லோரும் நம்பினோம். மண்ணெண்ணெய் முடிந்தது, சவர்க்காரம் முடிந்தது, பெட்டரியும் முடியும்தானே. ஒரு நாள் படம் அணைந்த கையோடு, அதே பெட்டரியில் அவர் ரேடியோச் செய்தி கேட்டுக்கொண்டிருந்தது வேலிக்கு இப்பால் எனக்குக் கேட்டது. விடிந்ததும் போனேன்.

"ஏன் பெருமாள், என்ரை பேத்தி விளையாட்டில வெண்டால் உமக்குப் பொறுக்காதோ?"

அவர் சுவரில் மாலை போட்டிருந்த ரவியின் படத்தைப் பார்த்தார். "அந்தக் கதவ ஒருத்தன் உள்ள நின்னு தாங்கினாத்தாம்மா மத்தவங்க வெளிய போகலாம். தாங்குறவன் செத்துருவான். எம் மவன் அந்த எடத்தில கை தட்டுனான்" என்றார்.

ரவி அடுத்த மாதமே ஆயுதம் தூக்கப் போனான். திரும்பி வந்தது அந்தப் படம்தான்.

மலருக்கு அப்போது பதினைந்து வயது. ஆள் சேர்க்கப் பள்ளிக்கூடத்துக்கு வந்து பேசிவிட்டுப் போகிறவர்களின் பேச்சை வீட்டில் வரி தப்பாமல் சொல்லிக் காட்டத் தொடங்கியிருந்தாள். இவளும் போய்விடுவாளோ என்பதுதான் என் பயம். பெருமாளுக்கும் அது தெரிந்திருந்தது.

"அந்தக் கதவை எனக்கு மட்டும் காட்டும்" என்று கேட்டேன். அவரே விளையாடிக் கடைசிக் கதவுக்குக் கொண்டுபோனார். கல் கதவு கீழே இறங்குகிறது. ஒருவன் தோளைக் கொடுத்து நிற்கிறான். மற்ற மூன்று பேரும் அவன் கைக்குக் கீழால் குனிந்து போகிறார்கள். தண்ணீர் அவன் இடுப்புக்கு வருகிறது, கழுத்துக்கு வருகிறது, பிறகு தண்ணீர் மட்டும்தான். ஏதோ இசை போகிறது.

"போறவை திரும்பியும் பாக்கேல்லையே" என்றேன்.

"பாக்க மாட்டாங்கம்மா. ஒருவேள பாப்பாங்களோன்னு நானும் தனிய இருந்து எத்தனையோ தடவ போட்டுப் பாத்துட்டேன்."

அதன் பிறகு பெட்டரியைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. மலர் அழுதபோதும் திறக்கவில்லை.

இந்த மாரியில் மலேரியா வீடு வீடாகப் போனது. மலரும் படுத்தாள், அவரும் படுத்தார். மருந்துக் குளிசை எங்கேயும் இல்லை. ஒரு காலை பெருமாள் தடியை ஊன்றிக்கொண்டு வந்து, தனக்குக் கிடைத்த குளிசைகளை என் கையில் வைத்தார். நீர் போடவில்லையோ என்று கேட்டேன். "எனக்குக் காய்ச்சல் விட்டுப் போச்சுங்கம்மா" என்றார். அவர் கை சுட்டது. நான் வாங்கிக்கொண்டேன்.

செத்த வீட்டில் ஒருவர் எழும்பி இது தியாகம் என்று பேசினார். "போதும், இரும்" என்றேன். ரவியின் படத்துக்கு முன்னால் நின்றும் அதே சொல்லைச் சொன்னவர் அவர்தான். பெருமாள் அந்தச் சொல்லைத் தன் வீட்டுக்குள் எடுத்ததில்லை. குளிசை இரண்டு பேருக்குப் போதவில்லை, அதனால் செத்தார். நான் அப்படித்தான் எழுதுவேன்.

கொள்ளி வைக்க ரவி இல்லை. மருமகன் முறையான ஒருவர் வைத்தார். பெண்கள் படலையோடு நின்றுவிடுவது வழக்கம். காய்ச்சல் விட்டு எழும்பியிருந்த மலரை நான் சுடலை வரை போகச் சொன்னேன். கொள்ளி வைத்துவிட்டு வரும்போது யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பார்கள். "நீ பார்" என்று சொல்லிவிட்டேன். ஏன் அம்மம்மா என்று கேட்டாள். அப்போதுதான் கடைசிக் கதவில் என்ன நடக்கும் என்பதைச் சொன்னேன். வெளியே வந்த மூன்று பேரும் திரும்பிப் பார்க்காததையும், குளிசை யாருடையது என்பதையும் சொன்னேன். அவள் கை தட்டவில்லை.

சுடலையிலிருந்து வரும் வழியில் அவள் நின்று, திரும்பி, நன்றாகப் பார்த்தாளாம். பெரியவர்கள் ஏசினார்களாம். ஏசினவர்கள் பெயரும் என்னிடம் இருக்கிறது. "என்ன கண்டனி?" என்று கேட்டேன். "புகைதான் அம்மம்மா" என்றாள்.

அந்தப் பெட்டி இப்போது எங்கள் கொட்டிலில் இருக்கிறது. மலர் அதைத் தொடவில்லை. பெருமாளிடமிருந்து நான் வைத்திருப்பது அதுவல்ல, அவர் சொன்ன இரண்டு பொய்கள். பெட்டரி முடிந்துவிட்டது என்பது ஒன்று. காய்ச்சல் விட்டுவிட்டது என்பது மற்றது. மலர் வீட்டில்தான் இருக்கிறாள்.