சதுப்பு நாட்டில் மழை நிற்கவில்லை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னைப் பாவம் என்று நினைத்துவிடக் கூடாது. அந்தக் கோபத்தில்தான் என் தம்பியை வீட்டை விட்டுத் துரத்தினேன். போய் இரண்டு வருடம் ஆகிறது. துணிமணி, சர்டிபிகேட், காலமாகிவிட்ட அம்மாவோடு நாங்கள் இரண்டு பேரும் நிற்கும் போட்டோ, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டான். டிவியோடு மாட்டியிருந்த கேம் டப்பாவை மட்டும் விட்டுவிட்டுப் போனான்.

விஷயம் இதுதான். அவன் புளியந்தோப்பில் ஒரு பெண்ணை விரும்பினான். எனக்கு நாற்பதை நெருங்கும் வயது, கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் சும்மா இருக்கும்போது தம்பி மாலை மாற்றினால் தெருவில் என்ன பேசுவார்கள் என்று எனக்கு ரோஷம். அதை அப்படியே சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. சொல்லாமல், பெண் வீட்டைப் பற்றி வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். ஒரு வாரம் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில், "போனா அப்டியே போய்டு, திரும்ப இந்த வாசப்படிய மிதிக்காத" என்றேன். அவன் மூட்டையைக் கட்டினான். கல்யாணத்தன்று நான் வேண்டுமென்றே ஷிப்ட் கேட்டு வாங்கி வேலைக்குப் போனேன்.

மாதவரத்தில் வீடு பிடித்திருக்கிறார்கள் என்று அவன் தோஸ்து ஒருவன் சொன்னான், விலாசமும் கொடுத்தான். திருவொற்றியூரிலிருந்து மாதவரம் என்ன காசியா, ராமேஸ்வரமா? இருந்தும் நான் போகவில்லை. அவனும் வரவில்லை. கோபம் தணிந்தால் தானாக வருவான் என்று உட்கார்ந்திருந்தேன்.

காத்திருப்பது எனக்குப் பழக்கம். என் பிழைப்பே அதுதான். கன்டெய்னர் யார்டில் ரீச் ஸ்டேக்கர் ஓட்டுகிறேன். பெட்டியை நீளமான கையால் தூக்கி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குகிற பெரிய வண்டி. காற்று ஓர் அளவைத் தாண்டினால் சைரன் ஊதும். உடனே கையை இறக்க வேண்டும், வண்டியை ஓரங்கட்ட வேண்டும், உயரத்தில் இருக்கும் காலிப் பெட்டிகளை இழுத்துக் கட்டிவிட்டு ஓய்வறையில் போய் உட்கார வேண்டும். காற்று அடங்கும் வரை எதையும் தொடக் கூடாது. அவசரப்பட்டவன் பெட்டியைக் கவிழ்த்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பதினாறு வருடத்தில் எந்தக் காற்றும் அடங்காமல் போனதில்லை.

சின்ன வயதிலும் அப்படித்தான். மழை பிடித்தால் அம்மா எங்கள் இருவர் கையையும் பிடித்து ஏதாவது கடை ஓரத்தில் ஒதுக்கி நிறுத்திவிடுவாள். "வுட்டதும் போலாம்" என்பாள். பள்ளிக்கு நேரமானாலும் சரி, ரேஷன் கடை மூடினாலும் சரி, விட்டதும்தான் போவோம்.

தம்பி போய் ஒரு வருடம் வரை அந்த டப்பாவை நான் தொடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒரு சத்தமும் இல்லாமல் இருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. ஏதாவது பேச்சுக்குரல் கேட்கட்டும் என்றுதான் போட்டேன். அவன் பாதியில் நிறுத்திவைத்த ஆட்டம் பட்டியலில் மேலே இருந்தது. அதைத் தொடாமல் எனக்கென்று புதிதாக ஒன்றை ஆரம்பித்தேன். அவனுடையதைத் திறந்தால் நான் இறங்கி வந்த மாதிரி ஆகிவிடும் என்று ஒரு வீம்பு.

அது ஒரு ராஜாக்கள் காலத்து உலகம். கத்தியைத் தூக்கிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம். வடக்கே பனிமலை, கிழக்கே மணல்காடு, தெற்கே பசேலென்று வனம். ஒரு கல் பாலம் இருக்கிறது. இந்தப் பக்கம் வெயில், அந்தப் பக்கம் பனி கொட்டுகிறது. காசிமேட்டைத் தாண்டினதும் மீன் வாடை நிற்கிற மாதிரி, ஒரே எட்டில் பருவம் மாறிவிடும். முதல் தடவை பனிமலை ஏறியபோது மே மாதம். பனியன் நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. திரையில் என் வீரன் வெடவெடவென்று நடுங்கினான், வாயிலிருந்து புகை வந்தது. அவனைப் பார்த்து நான் எழுந்து போய் ஃபேனை ஒன்று குறைத்துவிட்டு வந்தேன். பைத்தியக்காரத்தனம்தான், என்ன செய்ய.

தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்பார்கள். நான் அந்தப் பனியில் இரண்டு ஓநாய்களுக்கு அஞ்சி ஓடிக்கொண்டிருந்தேன்.

மணல்காட்டில் வீரன் இரும்புச் சட்டையோடு மத்தியானம் முழுக்க நடந்தான். ஒரு பொட்டு வியர்வை இல்லை. கடலோரம் போனால் அங்கேயும் கசகசப்பு இல்லை. பனி வைத்திருக்கிறார்கள், அனல் வைத்திருக்கிறார்கள், மின்னல் விழுந்து மரம் எரிவதுகூட இருக்கிறது. புழுக்கம் என்று ஒன்று உலகத்தில் உண்டு என்பதே அதைச் செய்தவர்களுக்குத் தெரியவில்லை. "இவனுங்கள ஒரு நாளு எண்ணூர்ல கொண்டாந்து நிக்க வைக்கணும்டா" என்று சொல்லிக்கொண்டே திரும்பினேன். அவன் கட்டில் காலியாக இருந்தது. தம்பி இருந்திருந்தால் இதற்கு விழுந்து விழுந்து சிரித்திருப்பான். அன்றைக்குத்தான் நான் எவ்வளவு தனியாக இருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது.

போன ஐப்பசியில் மேற்கே இருக்கும் சதுப்பு நாட்டுக்கு வந்து சேர்ந்தேன். அதன் மறுகரையில் ஒரு ஊருக்குப் போக வேண்டும். நுழைந்ததுமே பேய் மழை. வழியில் ஒரு குடிசை, உள்ளே ஒரு கட்டில். ஒதுங்கினேன். அந்தக் கட்டிலில் படுத்தால் ஒரு நொடியில் விடிந்துவிடும். படுத்தேன், விடிந்தது, மழை. மறுபடி படுத்தேன், மழை. இப்படி ஒன்பது இரவு. கடைசியில் ரிமோட்டைத் தலையணை மேல் விட்டெறிந்தேன்.

மறுநாள் யார்டு கேட் ஆபீஸில் வேலை பார்க்கும் பெண்ணிடம் கேட்டேன். அவளும் இந்த ஆட்டம் ஆடுகிறவள். நான் சொன்னதைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இன்னாண்ணா நீ. அந்த ஊரே மழ ஊரு. எப்பவும் ஊத்திகினுதான் இருக்கும். ஒரு வருசம் தூங்குனாலும் நிக்காது."

"அப்ப எப்டிமா தாண்டறது?"

"நனஞ்சிகினேதான். வேற இன்னா?"

அன்று ஒரு பெட்டியைத் தப்பான வரிசையில் அடுக்கிவிட்டு சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். மனசு அங்கே இல்லை.

மாலை வீட்டுக்கு வந்ததும் டப்பாவைப் போட்டேன். தம்பி இதை எப்படித் தாண்டினான் என்று பார்க்கலாம் என எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு அவன் ஆட்டத்தைத் திறந்தேன். பனிமலை உச்சியிலோ, அரண்மனையிலோ இருப்பான் என்று நினைத்தேன். அவன் வீரன் அதே குடிசையில், அதே கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். வெளியே மழை. எங்கெங்கே தூங்கினான் என்று அதில் ஒரு குறிப்பு ஓடும். கடைசிப் பதினான்கு இரவும் அந்தக் குடிசையில்தான். அதன் பக்கத்தில் நிஜத் தேதியும் போட்டிருந்தது. நான் அவனோடு பேசாமல் இருந்த அந்த வாரம்.

அந்த வாரம் முழுக்க நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். இரண்டு முழம் தள்ளி அவன் உட்கார்ந்து, மழையா, என் கோபமா, எது முதலில் விடும் என்று பார்த்திருக்கிறான். நான் அழுதேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே அடைமழை. டோல்கேட்டில் பஸ் பிடித்தேன். மாதவரத்தில் இறங்கும்போது தண்ணீர் கணுக்காலுக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. குடை காற்றில் மடங்கிப்போனதால் அதை அங்கேயே போட்டுவிட்டேன். வீட்டைக் கண்டுபிடித்துக் கதவைத் தட்டினால், நான் ஒரு தடவைகூடப் பார்க்காத பெண் திறந்தாள். என்னைப் பார்த்தாள், உள்ளே சுவரில் மாட்டியிருந்த, அம்மாவோடு நாங்கள் நிற்கும் போட்டோவைப் பார்த்தாள்.

"மாமா" என்றாள். "உள்ள வாங்க மாமா. அவரு பால் வாங்கப் போய்கீறாரு. மழைக்கு எங்கனா ஒதுங்கி இருப்பாரு. வுட்டதும் வந்துடுவாரு, ஒக்காருங்க."

நான் வாய் கூசாமல் பேசிய குடும்பத்துப் பெண். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"இல்லமா. எந்தப் பக்கம் போனான்னு சொல்லு."

தெரு முனைப் பஞ்சர் கடையின் தகரத்துக்குக் கீழே நின்றிருந்தான். கையில் பால் பாக்கெட். கொஞ்சம் இளைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் நகர்ந்து பக்கத்தில் எனக்கு இடம் விட்டான். நான் ஏறவில்லை, மழையிலேயே நின்றேன்.

"வாடா, போலாம்" என்றேன்.

"வுடட்டும். மேக்கால வெளுத்துகினு வருது."

"பதினாலு நாளு தூங்கிப் பாத்தியே, வுட்டுச்சா?"

அவன் என்னையே பார்த்தான்.

"என் ஆட்டத்தத் தொறந்தியாண்ணா?"

"தொறந்தேன். நான் பேசுனது தப்புடா."

பாலை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு அவன் மழையில் இறங்கினான்.